டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிய ஆறு வருடச் சர்க்கரை நோய்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது கொங்குப் பகுதியில் நடந்தது. சம்பந்தப்பட்ட குடும்பம் எழுதச் சம்மதித்ததால் எழுதுகிறேன். அவர்கள் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை, மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் எவை என்பதையும் சொல்லவில்லை. நான் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்கில் சில வருடங்கள் வேலை பார்த்தவன். டிஸ்சார்ஜ் சம்மரி (நோயாளி வீடு திரும்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கம்) எப்படித் தயாராகிறது, அதில் ஒரு வரி தவறினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்தக் குடும்பம் என்னைத் தேடி வந்தது.

நோயாளி 44 வயதுப் பெண். வீட்டிலேயே நாலு பவர் மிஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் எடுத்துத் தைப்பவர். கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார், மகள் கல்லூரியில் படிக்கிறாள். 2021 ஆகஸ்டில் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தார்கள். விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான். அதற்கு முன் அந்த அக்கா எந்த மாத்திரையும் தொடர்ந்து சாப்பிட்டதே கிடையாது. சர்க்கரை இருந்தது அவருடைய அம்மாவுக்கு.

மருத்துவமனையில் நடந்தது

2024 நவம்பரில் நாலு நாள் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு நாள் இரவு 11 மணிக்கு மூச்சிரைப்போடு கேஷுவாலிட்டிக்குக் கொண்டு போனார்கள். நிமோனியா. ஆக்சிஜன் வைத்து, மூச்சுக்குழாய் இறுக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, வார்டுக்கு மாற்றினார்கள். மறுநாள் விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 248. இரண்டு நாள் இன்சுலின் போட்டார்கள், ஸ்டீராய்டைக் குறைத்ததும் சர்க்கரையும் இறங்கிவிட்டது. ஆறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வைத்தியத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை, அதை அந்தக் குடும்பமே பல தடவை சொன்னது.

பிரச்சினை டிஸ்சார்ஜ் அன்று சாயங்காலம் தொடங்கியது. கேஷ்லெஸ் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) முதலில் 40,000 ரூபாய்க்கு அனுமதி ஆகியிருந்தது. கடைசி பில் 1,64,000. சம்மரியை அனுப்பிய இரண்டு மணி நேரத்தில் அனுமதி முழுக்க ரத்தாகிவிட்டது. காரணம், சம்மரியின் முதல் பத்தியிலேயே 'ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்' என்று இருந்தது. பாலிசி எடுத்து 39 மாதம்தான் ஆகிறது, அப்படியானால் எடுக்கும்போதே நோய் இருந்திருக்கிறது, மறைத்துவிட்டீர்கள் என்பது அவர்கள் கணக்கு. கிளைம் நிராகரிப்போடு பாலிசியையே ரத்து செய்யப்போவதாகவும் கடிதம் வந்தது.

அன்று இரவே நகையை அடகு வைத்துப் பணத்தைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். ஒன்பது நாள் கழித்து என்னிடம் வந்தபோது அந்த அக்கா கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியது இல்லை. "எனக்கு எப்பங்க தம்பி ஆறு வருசமா சுகரு? எனக்கே தெரியாம எப்படிங்க வரும்?" என்றார். எல்லோரும் தன்னைப் பொய் சொன்னவள் என்று நினைக்கிறார்களே என்பதுதான் அவருக்குப் பெரிய வலி. கணவர்கூட ஒரு நாள், "உண்மையாவே உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டாராம்.

முதல் முடிவு: சண்டைக்கு முன் கேஸ் ஷீட்

குடும்பம் இரண்டு யோசனையோடு வந்திருந்தது. மகள், 'நிமோனியாவுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை' என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதலாம் என்றாள். அதைப் பிரதான வாதமாக வைக்க வேண்டாம் என்றேன், ஏனென்றால் அப்படி எழுதினால் சர்க்கரை இருந்தது என்பதைப் பாதி ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கணவர், நேரே மருத்துவமனைக்குப் போய் டாக்டரைக் கேட்டு அந்த வரியை எடுத்துவிட்டு வேறு சம்மரி வாங்கலாம் என்றார். அது இன்னும் ஆபத்து. அதே தேதியில் இரண்டு விதமான சம்மரி இருந்தால், இரண்டாவதைக் காசு கொடுத்து வாங்கினீர்கள் என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும்.

டிஸ்சார்ஜ் சம்மரி கடைசியில் எழுதப்படுகிற சுருக்கம். உண்மையில் என்ன நடந்தது என்பது கேஸ் ஷீட்டில் இருக்கிறது: கேஷுவாலிட்டி குறிப்பு, நர்ஸ் எழுதியது, மருந்துச் சார்ட், லேப் ரிப்போர்ட். அந்தத் தவறான வரி எங்கே பிறந்தது என்று தெரியாமல் அதைத் திருத்தச் சொல்ல முடியாது. அதனால் முதலில் முழு கேஸ் ஷீட்டின் நகல் கேட்டு மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம். ஒரு பிரதியை நேரில் கொடுத்து சீல் வாங்கினோம், இன்னொன்றை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

ரெக்கார்டு செக்‌ஷனில் வழக்கமான பதில்தான் வந்தது. 'கேஸ் ஷீட் மருத்துவமனையின் சொத்து, போலீஸ் கேஸ் என்றால்தான் கொடுப்போம், உங்களுக்குச் சம்மரி போதும்.' காகிதம் அவர்களுடையதுதான், அதை எடுத்துக்கொண்டு வர முடியாது. ஆனால் நகல் பெறுவது நோயாளியின் உரிமை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 1.3.2, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்கிறது, கொடுக்க மறுப்பதை அதே விதிகள் தொழில்முறைத் தவறாகவே சொல்கின்றன. 2023ல் இதற்குப் பதிலாக வந்த புதிய விதிகள் உடனே நிறுத்தி வைக்கப்பட்டதால் 2002 விதிகளே செல்லும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. இதைக் கடிதத்தில் எழுதியிருந்ததால் இரண்டாவது தடவை போனபோது குரல் மாறியது. 72 மணி நேரத்தில் வரவில்லை, ஐந்தாம் நாள் வந்தது. 94 பக்கம்.

கேஸ் ஷீட்டில் கண்டது

அந்த 94 பக்கத்தையும் தேதி வாரியாக அடுக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகளும் நானும் உட்கார்ந்து படித்தோம். எனக்கு இந்தக் கேஸில் மறக்க முடியாதது அந்த நாள்தான்.

முதல் பக்கம் கேஷுவாலிட்டி. இரவு 11.20க்கு எழுதியது. சர்க்கரை: இல்லை. ரத்த அழுத்தம்: இல்லை. கீழே குடும்ப வரலாறு என்ற இடத்தில், 'அம்மாவுக்கு 6 வருடமாகச் சர்க்கரை'. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அடுத்து வார்டில் நர்ஸ் நிரப்பிய படிவம், முன்பே உள்ள நோய்: எதுவுமில்லை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து: எதுவுமில்லை. மறுநாள் காலை 7 மணிக்கு வார்டு டியூட்டி டாக்டர் எழுதிய பக்கத்தில்தான் 'ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்' என்று முதன்முதலாக வருகிறது. அம்மா என்ற ஒரு சொல் அங்கே விழுந்துவிட்டது. அதற்குள் 248 என்ற எண்ணும் வந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதற்கப்புறம் டிஸ்சார்ஜ் வரை, எந்த டாக்டர் பார்த்தாலும், முந்தின நாள் வரியை அப்படியே இறக்கி எழுதியிருக்கிறார்கள்.

ராத்திரி முழுக்க டியூட்டி பார்த்த ஒருவர் காலையில் இருபது பேருடைய குறிப்பை எழுதும்போது இப்படி ஒரு சொல் விடுபடுவது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் எழுதிய யாருமே நோயாளியிடம் ஒரு தடவை கேட்கவில்லை. ஆறு வருடச் சர்க்கரை நோயாளி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருத்தர் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் கிடைத்தது. மூன்றாம் நாள் ஹெச்பிஏ1சி பார்த்திருக்கிறார்கள். 5.9. இந்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது, ஸ்டீராய்டால் இரண்டு நாள் ஏறுவது இதில் பெரிதாகத் தெரியாது. 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை. மருந்தே சாப்பிடாத ஒருவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை இருந்து 5.9 வருவது மிகவும் அரிது. இந்த ரிப்போர்ட் கேஸ் ஷீட்டில் இருந்தது, சம்மரியில் இல்லை.

இரண்டாவது முடிவு: எதைத் திருத்தக் கேட்பது

இங்கேதான் குடும்பத்துக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வந்தது. அவர்களுக்குச் சர்க்கரை என்ற சொல்லே ஆவணத்தில் இருக்கக் கூடாது. எனக்கு அது சரியாகப்படவில்லை. 248 வந்தது உண்மை, இன்சுலின் போட்டது உண்மை. அடுத்த தடவை வேறு ஒரு டாக்டர் ஸ்டீராய்டு கொடுக்கும்போது அந்தத் தகவல் அந்த அக்காவுக்கே உதவும். அதை அழிக்கச் சொல்வது தப்பு, அழித்தால் சட்டப்படியும் வம்பு.

அதனால் கடிதத்தில் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பிரித்தோம். ஒன்று, 'ஆறு வருடமாக' என்பது. இது யாருடைய மருத்துவக் கருத்தும் இல்லை, தவறாக இறங்கிய தகவல். கேஷுவாலிட்டிப் பக்கமே அதற்குச் சாட்சி, இதைத் திருத்தித்தான் ஆக வேண்டும். இரண்டு, 'சர்க்கரை நோய்' என்கிற நோயறிதல். இது டாக்டரின் தீர்மானம், நோயாளி வற்புறுத்தி மாற்ற முடியாது. ஸ்டீராய்டு போட்ட நேரத்தில் வந்த 248யும் 5.9 ரிப்போர்ட்டையும் வைத்து மறுபடி பரிசீலிக்கக் கேட்டோம். தன் கருத்தில் அவர் உறுதியாக இருந்தால், நோயாளி அதை ஏற்கவில்லை என்பதையாவது ஆவணத்தோடு சேர்த்து வைக்கும்படி கேட்டோம். பழைய வரியை அடிக்க வேண்டாம், தேதியும் கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டுத் திருத்தக் குறிப்பு ஒன்று சேர்த்தால் போதும் என்றும் எழுதினோம்.

இதற்குச் சட்டத்தில் என்ன ஆதாரம் என்று பலர் கேட்கிறார்கள். நேரடியாகச் சொன்னால், நம் நாட்டில் இது பலவீனமான இடம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டயத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன, ஆவணங்களைப் பெறுவது, இரண்டாவது டாக்டரின் கருத்தைப் பெறுவது, குறையைச் சொல்லித் தீர்வு பெறுவது எல்லாம் அதில் உண்டு. தவறான நோயறிதலைத் திருத்தும் உரிமை என்று தனியாக ஒன்று இல்லை. எனக்குக் கைகொடுத்தது மத்திய சுகாதார அமைச்சகம் 2016ல் வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகள். பதிவில் உள்ள பிழையைத் திருத்தக் கேட்க நோயாளிக்கு வழி உண்டு, உள்நோயாளி என்றால் டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அது சட்டம் இல்லை, தரநிலைதான். ஆனாலும் அந்த 30 நாள் முக்கியம். எங்கள் கடிதம் போனது 22ஆம் நாள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையைத் தெளிவாகவே தருகிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, இந்தப் பிரிவு நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் ஆகும், எனவே எங்களுக்கு அது பயன்படவில்லை.

மருத்துவமனையின் பதில்

மூன்று வாரம் பதிலே இல்லை. நடுவில் ஒரு தடவை பெரிய டாக்டரைப் பார்க்க முடிந்தது. "மூடின ஃபைலை மாத்த முடியாதும்மா, மாத்த ஆரம்பிச்சா எல்லாரும் கிளைமுக்காக மாத்தச் சொல்லி வந்து நிப்பாங்க" என்றார். அவர் பயம் நியாயமானது. நான் டெஸ்கில் இருந்தபோது அப்படி மாற்றச் சொல்லி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பொய்யாக மாற்றக் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக, உண்மையை எழுதச் சொல்கிறவர்களையும் திருப்பி அனுப்ப முடியாதல்லவா? அதைத்தான் நானும் அவரிடம் சொன்னேன், அவர் பதில் சொல்லவில்லை.

45ஆம் நாள், மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தோம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997ன்படி தனியார் மருத்துவமனைகளுக்கு அங்கேதான் பதிவு. மனுவில் யாரையும் திட்டவில்லை, கேஷுவாலிட்டிப் பக்கத்தையும் வார்டுப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகல் எடுத்து இணைத்தோம். மாநில மருத்துவக் கவுன்சிலில் டாக்டர் மேல் புகார் கொடுக்கலாம் என்று கணவர் சொன்னார், வேண்டாம் என்றோம். நமக்கு வேண்டியது திருத்தம். டாக்டர் தன் பதிவு எண்ணைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலைக்குப் போய்விட்டால், அதன் பிறகு எதையும் எழுதித் தர மாட்டார்.

பத்து நாளில் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். 58ஆம் நாள் திருத்தக் குறிப்பு கையில் வந்தது. குடும்ப வரலாறு தவறுதலாக நோயாளியின் வரலாறாகப் பதிவானது, நோயாளிக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்ததற்குக் கேஸ் ஷீட்டில் ஆதாரம் இல்லை, ஸ்டீராய்டு சிகிச்சையின்போது சர்க்கரை உயர்ந்தது, ஹெச்பிஏ1சி 5.9, மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை தேவை. அவ்வளவுதான். 'சர்க்கரை நோய் இல்லை' என்று அவர் எழுதவில்லை. குடும்பத்துக்கு ஏமாற்றம். எனக்கு நிம்மதி, ஏனென்றால் அன்றைக்கு ஒரு டாக்டர் நேர்மையாகச் சொல்லக்கூடியது அதுதான், அதைத் தாண்டி எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

காப்பீட்டு நிறுவனமும் குறைதீர்ப்பாளரும்

2025 ஜனவரி கடைசியில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எல்லாவற்றையும் இணைத்து எழுதினோம். நான் எதிர்பார்த்த பதிலே வந்தது: கிளைம் நிராகரித்த பிறகு வாங்கிய திருத்தம், பின்யோசனை, ஏற்க முடியாது.

பாலிசி 60 மாதம் தொடர்ந்திருந்தால் மறைத்ததாகச் சொல்லி, மோசடி நிரூபணமாகாமல், நிராகரிக்க முடியாது, 2024லிருந்து அதுதான் விதி. இவர்களுக்கு 39 மாதம்தான், அந்தக் கதவு மூடியிருந்தது. மார்ச்சில் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனோம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை கேட்கலாம், நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையமும் ஒரு வழிதான், அங்கே இரண்டு வருட அவகாசம் உண்டு, நஷ்ட ஈடும் கேட்கலாம். ஆனால் நகை வட்டி ஏறிக்கொண்டிருந்தது, சீக்கிரம் முடிய வேண்டும் என்று அந்த அக்காவே இதைத் தேர்ந்தெடுத்தார்.

ஜூனில் வீடியோவில் விசாரணை. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அக்காவை ஒரே விஷயத்தைச் சொல்லச் சொல்லியிருந்தோம்: திருத்தக் குறிப்பு பின்னால் வந்ததுதான், ஆனால் கேஷுவாலிட்டிப் பக்கமும் நர்ஸ் படிவமும் 5.9 ரிப்போர்ட்டும் கிளைம் மறுக்கப்படுவதற்கு முன்பே எழுதப்பட்டவை. குறைதீர்ப்பாளர் நிறுவனத்திடம், ஆறு வருடத்தில் ஒரு மருந்துச் சீட்டோ ஒரு மருந்துக்கடை பில்லோ உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். சம்மரியில் இருந்த அந்த வரியைத் தவிர அவர்களிடம் எதுவும் இல்லை.

ஜூலையில் தீர்ப்பு வந்தது. கிளைமைக் கொடுக்க வேண்டும், பாலிசியைத் தொடர வேண்டும். ஆகஸ்டில் 1,41,300 ரூபாய் கணக்கில் விழுந்தது. அறை வாடகை வித்தியாசம், கையுறை முதலான பொருட்கள் கழிவில் போயின. நகை வட்டியை யாரும் தரவில்லை. இதற்கிடையில் பிப்ரவரியில் எடுத்த மறுபரிசோதனையில் ஹெச்பிஏ1சி 5.6. அம்மாவுக்கு இருப்பதால் வருடம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்

என் பக்கம் ஒரு தவறு இருந்தது. திருத்தக் குறிப்பைக் காகிதத்தில் வாங்கினேன், மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் உள்ள நோயாளியின் பக்கத்திலும் அதை ஏற்ற வேண்டும் என்று கடிதத்தில் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், ஏற்றியதற்கு ஒரு பிரிண்டும் வாங்கியிருக்க வேண்டும்.

5.9 ரிப்போர்ட் கையில் கிடைத்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கலாம். திருத்தக் குறிப்பு வரட்டும் என்று காத்திருந்ததில் ஆறு வாரம் போனது, பின்யோசனை என்று சொல்ல அவர்களுக்கு இடமும் கொடுத்துவிட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்றே சம்மரியின் வரைவைக் கேட்டு வாங்கி, முதல் பத்தியை மட்டுமாவது படித்திருந்தால், இன்சூரன்ஸுக்குப் போகும் முன்பே டியூட்டி டாக்டர் ஐந்து நிமிடத்தில் திருத்தியிருப்பார். ஆனால் பில் கட்டப் பணம் புரட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்திடம் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு, அட்மிஷன் ஆகும்போதே நோய், மருந்து, அலர்ஜி இந்த மூன்றையும் ஒரு தாளில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, கேஸ் ஷீட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள் என்கிறேன். அம்மா, அப்பா நோய்களை அதில் தனியாக, உறவு முறையை முதலில் போட்டு எழுதச் சொல்கிறேன்.

சென்ற மாதம் அந்த அக்கா கண் வலிக்காக அதே மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். ஓ.பி. சீட்டின் மேலே அதே வரி மறுபடியும் பிரிண்ட் ஆகி வந்திருக்கிறது, ஆறு இப்போது ஏழாக மாறியிருந்தது. அவர் பையிலிருந்து திருத்தக் குறிப்பை எடுத்து, "இதைப் பாருங்க சிஸ்டர்" என்று நீட்டியிருக்கிறார். நர்ஸ் இரண்டையும் படித்துவிட்டு, சீட்டில் அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். கம்ப்யூட்டரிலும் மாற்றச் சொல்லி இந்த வாரம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம்.